மலைப்பாதையும் பள்ளிப்பாடமும்

"பிள்ளைக்குக் கணக்கு வந்தால் போதும், கடிதம் எழுதவும் படிக்கவும் தெரிந்தால் போதும். மாண்டுபோன ராஜாக்களின் கதையும், கண்ணால் காணாத தேசங்களின் பெயரும் எதற்கு?" என்னும் கேள்வி கிராமங்களில் அடிக்கடி எழுவதாகும். கூட்டுறவுச் சங்க அங்கத்தினர்களிலும் இவ்வாறு கேட்போர் உண்டு. இக்கேள்வியை இகழ்ந்து தள்ளலாகாது. வீட்டு வேலையைத் தாமே சுமந்துகொண்டு, பிள்ளையின் கூலியையும் வேண்டாம் என்று விட்டு, அதனைப் பள்ளிக்கு அனுப்பும் தந்தைக்கு, அங்கே கற்பிக்கப்படுவதன் பயன் யாது என்று கேட்க முழு உரிமை உண்டு. அதற்குத் தக்க விடை கூறுவதே இப்பாடத்தின் நோக்கம்.

விடையைத் தேடி வெகு தூரம் செல்ல வேண்டுவதில்லை. தேனி மாவட்டத்துப் போடிநாயக்கனூரிலிருந்து போடிமெட்டுக்கு ஏறும் மலைப்பாதை ஒன்றே சரித்திரம், பூகோளம், குடிமை, பொருளியல் ஆகிய நான்கிற்கும் போதிய புத்தகமாகும். அப்பாதையில் நாள்தோறும் போய் வருவோர் ஆயிரக்கணக்கானவர். அதனைப் படிக்கக் கற்றவர் சிலரே. அங்ஙனம் படிக்கக் கற்பிப்பதே உயர்நிலைப் பள்ளியில் இப்பாடங்களின் வேலை.

1. பள்ளியில் இப்பாடங்களின் இடம்

பழைய நாளில் இவை தனித்தனியே கற்பிக்கப்பட்டன. சரித்திரம் என்றால் அரசர்களின் பெயரும் யுத்தங்களின் ஆண்டும்; பூகோளம் என்றால் முனைகள், குடாக்கள், தலைநகரங்கள் இவற்றின் ஜாபிதா. பொருள் விளங்காமல் மனப்பாடம் செய்து, பரீட்சை முடிந்ததும் மறந்துவிடுவதே பலருடைய அனுபவமாயிருந்தது. மேலே கூறிய தந்தையின் சலிப்புக்கு இவ்வழக்கமே பெரிதும் காரணம்.

இந்தியா சுதந்திரம் அடைந்தபின், 1952 ஆம் ஆண்டில், டாக்டர் ஆ. லட்சுமணசாமி முதலியார் தலைமையில் இடைநிலைக் கல்விக் குழு ஒன்று நியமிக்கப்பெற்றது. அவர் அப்போது சென்னைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தர். சரித்திரம், பூகோளம், குடிமை, பொருளியல் ஆகியவற்றை ஒன்றோடொன்று இணைத்துச் சமூகப் பாடம் என்னும் பெயரால் எல்லா மாணவர்க்கும் கற்பிக்க வேண்டும் என்று அக்குழு கூறிற்று. மாணவன் தான் வாழும் சமூகத்தை அறிந்து, அதில் தன் பங்கைச் செய்யத் தக்கவனாதல் வேண்டும் என்பதே அதன் கருத்து. இன்று தமிழ்நாட்டில் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் சமூக அறிவியல் ஒரு முழுப் பாடம். வரலாறு, புவியியல், குடிமையியல், பொருளியல் என்னும் நான்கும் அதில் அடங்கியுள்ளன.

இப்பாடங்கள் முதிர்ச்சியடைவது ஒன்பதாம், பத்தாம் வகுப்புகளில்தான். ஆனால் 2009 ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் காக்கும் வயது 6 முதல் 14 வரை மட்டுமே. அதாவது எட்டாம் வகுப்போடு அதன் காவல் முடிகிறது. மலையடிவாரக் கிராமங்களில், ஏலத்தோட்டத்து ஜீப்பில் ஏற்றி அனுப்பத் தக்க வயது வந்துவிட்டது என்று பிள்ளையைப் பற்றிப் பெற்றோர் எண்ணத் தொடங்குவதும் அதே வயதில்தான். சட்டம் கைவிடும் இடத்தில் பிடித்துக்கொள்ள வேண்டிய கை பெற்றோருடையது. அவருக்குத் துணை நிற்க வேண்டிய கை சங்கத்தினுடையது. ஆகையால் இப்பாடத்தின் பயனை அங்கத்தினர்கள் அறிந்திருப்பது அவசியம்.

2. பூகோளம்: மேலே மழை, கீழே வெயில்

ஆனி மாதத்தில் ஒரு நாள், ஓர் அங்கத்தினர் பத்தாம் வகுப்பில் படிக்கும் தம் மகளுடன் போடியில் பஸ் ஏறி மெட்டுக்குச் செல்வதாக வைத்துக்கொள்வோம். ஊரில் வெயில் காய்கிறது. மானாவாரி நிலம் மழைக்கு ஏங்கிக் கிடக்கிறது. முந்தலைக் கடந்ததும் ஏற்றம் தொடங்குகிறது. 17 கொண்டை ஊசி வளைவுகளைச் சுற்றி நாலாயிரம் அடிக்கு மேல் ஏறியதும் பஸ்ஸின் கண்ணாடியில் பனிமூட்டம் படிகிறது, சாரல் அடிக்கிறது. தந்தை இதனை நாற்பது ஆண்டுகளாகக் கண்டவர். ஆயினும் காரணத்தைக் கேட்டவரல்லர்.

"மேலே மழை, கீழே வெயில். ஒரே மலை, ஒரே நாள். இது ஏன் தாயே?" என்று அவர் கேட்கிறார்.

மகள் பள்ளியில் கற்றதைக் கூறுகிறாள். "அரபிக் கடலிலிருந்து வரும் தென்மேற்குக் காற்று ஈரத்தைச் சுமந்துகொண்டு வருகிறது, அப்பா. இம்மலை அதற்குக் குறுக்கே நிற்கிறது. காற்று மேலே ஏற ஏறக் குளிர்கிறது. குளிர்ந்த காற்று ஈரத்தைத் தாங்க மாட்டாது. ஆகவே மேற்குச் சரிவிலும் முகட்டிலும் மழையாகப் பெய்துவிடுகிறது. நம் பக்கம் இறங்கும்போது அக்காற்றில் ஈரம் மிஞ்சுவதில்லை. இறங்க இறங்கச் சூடும் ஏறுகிறது. நம் ஊர் மலையின் மழை மறைவில் இருக்கிறது."

இவ்வளவும் பாடப்புத்தகத்தில் ஒரு பக்கத்தில் அடங்கும் செய்தி. ஆனால் இதிலிருந்து பல காரியங்கள் விளங்குகின்றன. ஆயிரம் மீட்டர் உயரம் ஏறினால் வெப்பம் ஏறக்குறைய 6 பாகை குறையும். நிழலும் ஈரமும் குளிர்ச்சியும் வேண்டும் ஏலச்செடி மலைமேல் மட்டும் விளைவதும், அடிவாரத்தில் மாவும் இலவும் விளைவதும் இதனாலேயே. ஏலம் காட்டு மரங்களின் நிழலில் வாழும் செடி. நிழல்மரத்தை வெட்டினால் செடிக்கு மட்டுமன்றி ஊற்றுக்கும் ஓடைக்கும் கேடு வரும் என்பதும் இப்பாடத்தின் தொடர்ச்சியே. போடிப் பகுதிக்கு முக்கிய மழை ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குக் காற்றால் வருவது. எந்த மாதத்தில் விதைப்பது, எந்த மாதத்தில் பயிர்க்கடன் வழங்குவது, எந்த மாதத்தில் தவணை வைப்பது என்னும் சங்கத்துக் காரியங்கள் யாவும் இதனைப் பொறுத்தவை. மேற்குப் பக்கத்து நாள்காட்டியை வைத்துக்கொண்டு கிழக்குப் பக்கத்தில் தவணை குறித்தால், குடியானவன் தவணை தவறுவது நிச்சயம். அதற்கு அவனுடைய சோம்பலைக் காரணமாகச் சொல்லுதல் நியாயமாகாது.

3. சரித்திரம்: எல்லை எவ்வாறு வந்தது

மெட்டில் பஸ் நின்றதும் எல்லைச் சாவடி காணப்படுகிறது. இப்பக்கம் தமிழ்நாடு, அப்பக்கம் கேரளம். மலை பிரிப்பதனால் எல்லை ஏற்பட்டது என்று பலர் நினைக்கின்றனர். அது பாதி உண்மையே. மலை மழையைப் பிரித்தது. மனிதரைப் பிரித்தது அரசியல்.

1947 க்கு முன் கீழே இருந்தது சென்னை மாகாணம். மேலே இருந்தது திருவிதாங்கூர் சமஸ்தானம். 1949 இல் திருவிதாங்கூரும் கொச்சியும் ஒரே ராஜ்யமாக இணைந்தன. பின்னர் மொழிவாரி மாநிலங்களை அமைப்பதற்காக ராஜ்யப் புனரமைப்புக் குழு ஆராய்ந்தது. தேவிகுளம், பீருமேடு தாலுக்காக்களில் தமிழர் மிகுந்திருந்ததால் அவை சென்னை ராஜ்யத்தோடு சேர வேண்டும் என்று கிளர்ச்சி நடந்தது. குழு மொழியை மட்டும் அளவுகோலாகக் கொள்ளவில்லை. 1956 நவம்பர் 1 ஆம் தேதி அவ்விரு தாலுக்காக்களும் கேரளத்தோடு நின்றன. தெற்கே தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு என்னும் நான்கும் சென்னை ராஜ்யத்தை அடைந்து கன்னியாகுமரி மாவட்டமாயின. ஆகவே எல்லைக்கோடு இயற்கையாக முளைத்ததன்று. அது மனிதர் ஆராய்ந்து, வாதாடி, முடிவு செய்த ஒன்று. இதனை அறிந்த பிள்ளை எல்லைக்கு அப்பாலிருப்போரைப் பகைவர் என்று எண்ணாது. அவர்களையும் தன்னையும் ஒரே முடிவின் இரு பக்கத்தார் என்று காணும்.

சரித்திரத்துக்குச் சான்று மூவகைப்படும்: கல், ஏடு, வாய்மொழி. இம்மூன்றும் இம்மலையில் உண்டு. மூணாற்றுத் தேயிலையைக் கீழே கொண்டுவருவதற்காக, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், குண்டளைப் பள்ளத்தாக்கு வழியே டாப் ஸ்டேஷன் வரை சிறு ரயில்பாதை ஒன்று போடப்பட்டது. 1908 இல் அது குறுகிய இருப்புப்பாதையாக மாற்றப்பட்டது. டாப் ஸ்டேஷனிலிருந்து தேயிலைப் பெட்டிகள் கம்பிவடத்தில் தொங்கிக் கீழே கொட்டகுடிக்கு இறங்கின. அங்கிருந்து போடிக்கு வந்து, தூத்துக்குடித் துறைமுகம் சென்று, சீமைக்குக் கப்பலேறின. 1924 ஆம் ஆண்டுப் பெருவெள்ளத்தில் அந்த ரயில்பாதை அழிந்தது. கேரளத்தார் அதனைக் கொல்லம் ஆண்டுக் கணக்கில் தொண்ணூற்றொன்பதாம் ஆண்டு வெள்ளம் என்பர்.

போடிக்குக் கீழிருந்து வந்த ரயிலின் கதையும் பாடமாகத் தக்கது. மதுரையிலிருந்து போடிநாயக்கனூர் வரை 1928 இல் ரயில் வந்தது. இரண்டாம் உலகப் போரின்போது யுத்தத் தேவைக்காகத் தண்டவாளங்கள் பெயர்த்தெடுக்கப்பட்டன. 1950 களில் மீண்டும் போடப்பட்டன. அகலப்பாதையாக்குவதற்காக 2010 இறுதியில் வண்டி நிறுத்தப்பட்டது; போடி வரை மீண்டும் ரயில் வந்தது 2023 ஜூன் மாதத்தில். உலகப் போர் எங்கோ நடந்த சங்கதி என்று நினைப்போருக்கு, அது போடி நிலையத்துத் தண்டவாளத்தைத் தொட்டது என்று காட்டுவதே சரித்திரப் பாடம். தண்டவாளம் போனதனால் யார் வியாபாரம் குன்றியது, யார் வண்டிமாடு வாங்கிப் பிழைத்தனர் என்பனவற்றை ஊர்ப் பெரியவர்கள் தம் பெற்றோர் வாயிலாகக் கேட்டிருக்கலாம். அவர்களிடம் சென்று கேட்டு எழுதும் மாணவன் சரித்திர ஆசிரியனின் வேலையையே செய்கிறான்.

நிலத்துப் பட்டாவும் ஒரு சரித்திர ஏடு. போடி ஒரு ஜமீன். 1948 ஆம் ஆண்டின் சென்னை எஸ்டேட்டுகள் ஒழிப்புச் சட்டத்தினால் ஜமீன்கள் நீங்கி ரயத்துவாரி முறை ஏற்பட்டது. தன் பாட்டன் யாரிடம் வரி கட்டினான், தன் பட்டா எந்தச் சட்டத்தால் பிறந்தது என்று தெரியாதவன், நிலத்தகராறு வந்தால் பிறர் சொல்வதையே நம்ப வேண்டியவனாகிறான்.

4. ஒரு பத்திரத்தின் ஆயுள்

பத்திரத்தைப் படித்துப் பார்த்துக் கையெழுத்திட வேண்டும் என்று சங்கங்களில் ஓயாமல் சொல்லப்படுகிறது. அதன் அவசியத்தைக் கம்பம் பள்ளத்தாக்கிலுள்ள பெரியாற்று நீரைப்போல் விளக்குவது வேறொன்றில்லை.

பெரியாறு இயற்கையில் மேற்கே ஓடும் ஆறு. மழை மிகுந்த அப்பக்கத்து நீரை மழை குறைந்த இப்பக்கத்துக்குத் திருப்ப வேண்டும் என்னும் எண்ணம் நெடுநாளையது. அதற்காக 1886 அக்டோபர் 29 ஆம் தேதி, திருவிதாங்கூர் மகாராஜாவுக்கும் இந்தியா மந்திரிக்கும் இடையே ஒரு குத்தகைப் பத்திரம் எழுதப்பட்டது. 8,000 ஏக்கர் நிலம். ஏக்கருக்கு ஆண்டுக்கு 5 ரூபாய். காலம் 999 ஆண்டு. அதன்பின் இராணுவப் பொறியாளர் பென்னி குவிக் தலைமையில் அணை கட்டப்பட்டு, 1895 அக்டோபரில் சென்னை கவர்னர் வென்லாக் பிரபுவால் திறக்கப்பட்டது. மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே நீர் கிழக்கே வந்து, வைரவனாறு, சுருளியாறு வழியாக வைகையைச் சேர்கிறது. மேற்கே பெய்த மழை கிழக்கே நெல்லாக விளைகிறது.

இதில் பூகோளமும் சரித்திரமும் கணக்கும் குடிமையும் பிரிக்கவொண்ணாதபடி கலந்துள்ளன. 8,000 ஐ 5 ஆல் பெருக்கினால் ஆண்டுக்கு 40,000 ரூபாய். 1886 இல் அது பெருந்தொகை. ஆண்டுகள் செல்லச் செல்லப் பணத்தின் மதிப்பு இறங்கிற்று. தொகையோ அப்படியே நின்றது. ஆகவே 1970 இல் இரு மாநிலங்களும் துணை ஒப்பந்தம் செய்து ஏக்கருக்கு 30 ரூபாயாக உயர்த்தின. அணையில் நீர் எவ்வளவு உயரம் நிற்கலாம் என்பது பற்றி எழுந்த வழக்கில், 142 அடி வரை தேக்கலாம் என்று 2014 மே 7 ஆம் தேதி உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அணைக்குக் கீழே வாழ்வோரின் அச்சமும், நீரை நம்பி வாழ்வோரின் தேவையும் ஆகிய இரண்டையும் அறிந்தவனே இவ்வழக்கைப் பற்றிப் பேசத் தகுதியுடையவன்.

ஒரு கையெழுத்து 999 ஆண்டைக் கட்டுப்படுத்தக் கூடும். ஆதலால் சங்கத்தில் ஜாமீன் கையெழுத்திடுபவர் காலம், தொகை, வட்டி, நிபந்தனை ஆகிய நான்கையும் கேளாமல் பேனாவைத் தொடலாகாது. இப்புத்தியை வெறும் உபதேசமாகச் சொன்னால் காதில் ஏறாது. பெரியாற்றின் சரித்திரமாகச் சொன்னால் மறவாது.

5. பொருளியல்: விலை எங்கே பிறக்கிறது

மலையில் பறித்த ஏலம் உலர்த்தப்பட்டுப் போடிக்கு வருகிறது. ஏறக்குறைய ஐந்து கிலோ பச்சைக்காய் உலர்ந்தால் ஒரு கிலோ ஆகும். போடியிலும் கேரளத்துப் புத்தடியிலும் நறுமணப் பொருள் வாரியத்தின் ஏற்பாட்டில் ஏல விற்பனை நடைபெறுகிறது. விலையை வியாபாரிகள் தாமே நினைத்தபடி வைக்கிறார்கள் என்பது பொதுவான நம்பிக்கை. அதில் ஓரளவு உண்மை இருந்தாலும் முழு உண்மை அன்று.

உலகப் படத்தை விரித்துப் பார்க்க வேண்டும். மத்திய அமெரிக்காவில் குவாட்டமாலா என்றொரு சிறு தேசம் உண்டு. நம் மலைகளில் பிறந்த ஏலச்செடி இருபதாம் நூற்றாண்டில் அங்கே கொண்டுபோகப்பட்டு, இன்று உலகில் மிகுதியாக ஏலம் ஏற்றுமதி செய்யும் நாடாக அது விளங்குகிறது. அந்நாட்டார் அதனைத் தாம் அதிகம் உண்பதில்லை. பெரும்பாலும் அரபு நாடுகளுக்கு விற்கின்றனர். அரபு மக்கள் காப்பியில் ஏலம் இட்டு விருந்தினர்க்கு அளிக்கும் வழக்கமுடையவர். குவாட்டமாலாவில் விளைவு பெருகினாலும் குறைந்தாலும், போடியில் மூட்டைக்கு முன் நிற்பவனுடைய வருமானம் மாறுகிறது. கண்ணால் காணாத தேசத்தின் பெயர் எதற்கு என்னும் கேள்விக்கு இதுவே நேர் விடை.

இனி ஆண்டுகளை வரிசையாக வைத்துப் பார்க்க வேண்டும். 2018 ஆகஸ்டில் கேரளத்தில் பெருவெள்ளம் வந்தது; இடுக்கி மாவட்டத்துத் தோட்டங்கள் சேதமடைந்தன. மறு ஆண்டு, 2019 இல், ஏலத்தின் விலை முன் காணாத அளவு ஏறி, கிலோ 5,000 ரூபாய்க்கு மேலும் சென்றது. அவ்விலை நிலைக்கும் என்று நம்பியவர்கள் உண்டு. 2022 இல் அது 1,000 ரூபாய்க்கும் கீழே இறங்கியது. ஓர் அங்கத்தினர் 2019 ஆம் ஆண்டு விலையை நம்பி, அதிகக் குத்தகைக்குத் தோட்டம் எடுத்து, மூன்றாண்டுத் தவணையில் கடன் வாங்கியிருந்தால், கடைசித் தவணை வரும்போது அவர் நிலை என்னவாகும் என்பதைக் கூட்டல் கழித்தல் தெரிந்த எவரும் கணக்கிடலாம். ஆனால் கடன் வாங்குமுன் அக்கணக்கைப் போடத் தூண்டுவது கணித அறிவு மட்டும் அன்று. "இவ்விலை ஏன் ஏறிற்று? முன் ஏறியபோது பின் என்ன நேர்ந்தது?" என்று கேட்கும் பழக்கமே அதைத் தூண்டும். அப்பழக்கத்துக்குப் பெயர்தான் சரித்திர அறிவு.

6. குடிமை: சங்கமே ஒரு சிறு ராஜ்யம்

கூட்டுறவுச் சங்கமும் தானாக முளைத்ததன்று. இங்கிலாந்தில் ராச்டேல் என்னும் ஊரில், 1844 ஆம் ஆண்டு, நெசவாளர் முதலிய 28 தொழிலாளர்கள் சிறுகச் சிறுகப் பணம் சேர்த்து ஒரு பண்டகசாலை தொடங்கினர். ஜெர்மனியில் ரைபைசன் என்பவர் கிராமக் குடியானவர்களுக்குக் கடன் சங்கங்களை அமைத்தார். சென்னை அரசாங்கம் பிரடெரிக் நிக்கல்சன் என்னும் அதிகாரியை இம்முறைகளை ஆராயுமாறு ஏவியது. அவருடைய அறிக்கை 1895, 1897 ஆம் ஆண்டுகளில் இரு பகுதிகளாக வெளிவந்தது. 1904 இல் இந்தியாவில் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் பிறந்தது. அவ்வாண்டே திரூரில், அந்நாள் செங்கற்பட்டு மாவட்டத்தில், சென்னை மாகாணத்தின் முதல் கிராமச் சங்கம் பதிவாயிற்று. பின்னர் 1912, 1932 ஆம் ஆண்டுகளின் சட்டங்கள் வந்தன. இப்போது தமிழ்நாட்டில் நடைமுறையில் உள்ளது 1983 ஆம் ஆண்டுச் சட்டம்.

இச்சரித்திரத்தில் அங்கத்தினர்கள் பெருமையோடு நினைக்கத் தக்க செய்தி ஒன்று உண்டு. 1935 ஆம் ஆண்டு இந்திய அரசாங்கச் சட்டத்தின்படி, மாகாணச் சட்டசபைக்கு வாக்களிக்கும் உரிமை சொத்து, வரி, படிப்பு முதலிய தகுதிகளைப் பொறுத்திருந்தது. வயது வந்தவர்களில் பெரும்பாலோருக்கு அவ்வுரிமை இல்லை. ஆனால் அக்காலத்திலேயே கிராமக் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் அரை ஏக்கர் உடையவனுக்கும் ஒரு வாக்கு, ஐம்பது ஏக்கர் உடையவனுக்கும் ஒரு வாக்கு. வயது வந்தோர் அனைவர்க்கும் வாக்குரிமை 1950 ஆம் ஆண்டு அரசியல் சட்டத்தோடு வந்தது. அது வருமுன்பே, சமமாக அமர்ந்து கை தூக்கும் வழக்கத்தைக் கிராமத்து ஏழை தன் சங்கத்து மகாசபையில் பழகியிருந்தான்.

எனினும் உரிமை ஏட்டில் இருப்பதும், அதனைப் பயன்படுத்தும் அறிவு இருப்பதும் வேறு வேறு. மகாசபையில் வரவு செலவு படிக்கும்போது, புரிந்தவர் நால்வரும் புரியாமல் தலையசைப்பவர் நானூறு பேரும் இருந்தால், அச்சங்கம் நால்வருடையதே. உபவிதி என்றால் என்ன, தீர்மானம் எவ்வாறு நிறைவேறும், தணிக்கை எதற்கு, தேர்தலில் நிற்பவனிடம் என்ன கேட்க வேண்டும் என்பவற்றைப் பள்ளிக் குடிமைப் பாடம் கற்பிக்கிறது. பஞ்சாயத்து, சட்டமன்றம், பாராளுமன்றம் என்று அப்பாடம் கூறுபவை யாவும் சங்கத்து மகாசபையின் பெரிய உருவங்களே.

ராச்டேல் தொழிலாளர்கள் தம் லாபத்தில் நூற்றுக்கு 2½ பங்கைக் கல்விக்கென்று ஒதுக்கி, வாசகசாலை நடத்தினர். படியாத அங்கத்தினரைக் கொண்ட சங்கம் நிலைக்காது என்று அவ்வேழைகள் அறிந்திருந்தனர். நம் நாட்டுச் சட்டத்திலும் சங்கத்தின் நிகர லாபத்திலிருந்து கூட்டுறவுக் கல்வி நிதிக்குப் பணம் செலுத்தும் விதி உண்டு.

7. படிக்கும் முறை

இப்பாடங்களை மாணவர்கள் பின்வருமாறு பயின்றால் மனப்பாடச் சுமை குறையும்; தேர்விலும் நன்மை விளையும்.

முதலாவது, ஊர்ப்படம். தன் கிராமத்தின் ஓடை, கண்மாய், பாதை, பள்ளி, சங்கம் இவற்றைத் திசை குறித்து மாணவன் தானே வரைய வேண்டும். தன் ஊர்ப்படத்தை வரைந்தவனுக்கு உலகப் படம் அச்சம் தராது.

இரண்டாவது, ஆண்டுக்கோடு. ஒரு நீண்ட காகிதத்தில் கோடு ஒன்று இழுத்து, மேலே நாட்டு நிகழ்ச்சிகளையும், கீழே ஊர், குடும்ப நிகழ்ச்சிகளையும் குறிக்க வேண்டும். மேலே 1956 இல் மாநிலப் புனரமைப்பு என்று எழுதினால், கீழே பாட்டன் பாட்டியின் திருமண ஆண்டை எழுதலாம். ஆண்டுகள் அப்போது வெறும் எண்களாக நில்லா.

மூன்றாவது, மூன்று கேள்விகள். எச்செய்தியைப் படித்தாலும், இது ஏன் இங்கே நேர்ந்தது, எப்போது தொடங்கிற்று, யார் முடிவு செய்தனர் என்று கேட்க வேண்டும். முதற்கேள்வி பூகோளம், இரண்டாவது சரித்திரம், மூன்றாவது குடிமை.

நான்காவது, சொந்த நடை. படித்ததைப் புத்தகத்தை மூடிவிட்டு வீட்டாருக்குச் சொல்லிக் காட்ட வேண்டும். படியாத தாய்க்கு விளங்கும்படி சொல்லத் தெரிந்தவனுக்கே அப்பாடம் விளங்கிற்று எனலாம்.

8. அங்கத்தினர் கடமை

ஏலப் பறிப்பு ஆடி, ஆவணியில் தொடங்கித் தை, மாசி வரை பல சுற்றுகளாக நடைபெறும். அம்மாதங்களில் அடிவாரக் கிராமங்களிலிருந்து விடியுமுன்னே ஜீப்புகள் மலையேறுகின்றன. பெரும்பாலும் பெண்களே அவற்றில் செல்கின்றனர். தாய் மலைக்குப் போனால் தம்பி தங்கையரைப் பார்ப்பதற்காகவோ, உடன் சென்று கூலி பெறுவதற்காகவோ மூத்த பெண்ணைப் பள்ளியிலிருந்து நிறுத்துவது எளிய வழியாகத் தோன்றுகிறது. ஆடியில் நிற்கும் பெண் மாசியில் திரும்புவது அரிது. பத்தாம் வகுப்புத் தேர்வோ பங்குனி, சித்திரையில் வந்துவிடுகிறது.

வறுமையினால் இவ்வாறு செய்வோரைக் கடிந்து பேசுவது பயனற்றது. சங்கம் செய்யக் கூடியவை சில உண்டு. முட்டுப்பாடு நேரும் மாதத்தை முன்னறிந்து, உபவிதிகளுக்கு உட்பட்ட சிறு கடனை அம்மாதத்தில் கிடைக்கச் செய்யலாம். பிள்ளையைப் பள்ளியிலிருந்து நிறுத்த எண்ணும் அங்கத்தினரிடம் நிர்வாகக் குழுவினர் நேரில் சென்று பேசலாம். உபவிதிப் புத்தகத்தையும், அச்சிட்ட ஆண்டறிக்கையையும் உள்ளூர்ப் பள்ளிக்கு அளித்து, குடிமைப் பாடத்துக்கு உதவலாம். ஆண்டுக்கு ஒரு முறை உயர்வகுப்பு மாணவரை மகாசபையில் பார்வையாளராக அமர்த்தலாம். இவற்றுக்குப் பெரும் பணம் வேண்டியதில்லை, மனமே வேண்டும்.

மேலே கூறிய தந்தையும் மகளும் மாலையில் மெட்டிலிருந்து திரும்புகின்றனர். அதே 17 வளைவுகள், அதே மலை. காலையில் அவருக்கு அது ஏறி இறங்கும் பாதையாக மட்டும் இருந்தது. இப்போது அங்கே மழையின் காரணமும், எல்லையின் கதையும், விலையின் மூலமும் தெரிகின்றன. அடுத்த மகாசபையில் வரவு செலவு படிக்கும்போது எழுந்து ஒரு கேள்வி கேட்க வேண்டும் என்று அவர் நினைக்கிறார். வரும் ஆடி மாதம் தம் மகள் ஜீப்பில் ஏறுவதா, பள்ளிக்குச் செல்வதா என்பதை இனி அவர் முன்போல் ஒரு நாள் கூலியை மட்டும் வைத்து எடைபோட மாட்டார். அவ்வளவு நேர்ந்தால் இப்பாடம் தன் வேலையைச் செய்ததாகும்.

சங்கக் கூட்டத்தில் விவாதிக்கத் தக்க வினாக்கள்

1. ஆனி மாதத்தில் மெட்டில் மழையும் போடியில் வெயிலும் இருப்பதேன்? இதற்கேற்ப நம் சங்கத்தின் கடன் தவணைகள் அமைந்துள்ளனவா?

2. பெரியாற்றுக் குத்தகைப் பத்திரத்திலிருந்து, ஜாமீன் கையெழுத்திடுவோர் கற்க வேண்டியவை யாவை?

3. 2018 முதல் 2022 வரை ஏலத்தின் விலை மாறியதை நோக்கினால், விலை உச்சத்தில் இருக்கும்போது கடன் வாங்குவோரும் வழங்குவோரும் கொள்ள வேண்டிய எச்சரிக்கை யாது?

4. நம் கிராமத்தில் எட்டாம் வகுப்புக்குப் பின் பள்ளியை விட்ட பிள்ளைகள் எத்தனை பேர்? அவர்களில் பெண்கள் எத்தனை பேர்? எந்த மாதத்தில் நின்றனர்?

5. நம் சங்கத்தின் உபவிதிகளை முழுதும் படித்த அங்கத்தினர் எத்தனை பேர்? படியாதவர்க்குப் படித்துக் காட்ட உயர்வகுப்பு மாணவரை அமர்த்தலாமா?